ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு டயரும் காற்றுக் கருவிகளும் தேர்ந்தெடுப்பது எப்படி?

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா போன்ற வண்டிகளை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது டயரில்தான். கடையில் அடுக்கி வைத்திருக்கும் பெரிய பட்டன் (தடித்த ரப்பர் கட்டிகள்) வைத்த டயர்களைப் பார்த்ததும், அவை இருந்தால் எந்த மண்ணிலும் இறங்கி ஏறிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் செலவு செய்யும் வரிசை வேறாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து: முதலில் நம்பகமான அழுத்தமானி, அடுத்து காற்றை இறக்கும் கருவி, அதன் பிறகு காற்றை நிரப்பும் கம்ப்ரஸர், இவை மூன்றும் கைக்கு வந்தபின் புது டயர். கம்பெனி டயரிலேயே காற்றை 18 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) அளவுக்கு இறக்கிய வண்டி கடந்துபோகும் மணலில், 35 பிஎஸ்ஐ காற்றோடு வரும் விலையுயர்ந்த, சேற்றுக்கான மட் டெரெய்ன் டயர் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு அச்சு வரை இறங்கிவிடும்.

காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தரையில் படியும் தடம் நீளவாக்கில்தான் அதிகம் வளர்கிறது. அதனால் வண்டியின் எடை பரவி மண்ணுக்குள் புதைவது குறைகிறது. பாறையில் இதன் பயன் வேறு விதமானது. தளர்ந்த ரப்பர் கல்லின் விளிம்பைச் சுற்றிப் படிந்து பிடித்துக்கொள்கிறது. விறைத்த டயரோ அதே கல்லின் மேல் வழுக்குகிறது அல்லது கிழிகிறது.

டயரின் அளவைப் படிப்பது

டயரின் பக்கச் சுவரில் 255/65 ஆர்18 என்று இருந்தால், அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 18 அங்குலம் என்று பொருள். கணக்கிட்டால் பக்கச் சுவர் ஏறத்தாழ 166 மில்லிமீட்டரும் மொத்த விட்டம் 789 மில்லிமீட்டரும் வரும். 2020-இல் வந்த தாரில் 16 அங்குல ரிம்மோடு கிடைத்த 245/75 ஆர்16 டயரின் விட்டம் 774 மில்லிமீட்டர்தான். ஆனால் அதன் பக்கச் சுவர் 184 மில்லிமீட்டர். காற்றை இறக்கும்போது வளைந்து கொடுப்பது பக்கச் சுவர் என்பதால், மண்ணிலும் கல்லிலும் ஓட்ட நினைப்பவருக்குச் சிறிய ரிம்தான் லாபம். 20 அங்குல அலாய் போட்டுக்கொண்டு ஆஃப்ரோடு போக வேண்டும் என்று சொல்பவர்களின் ரசனையில் நான் தலையிடுவதில்லை. பள்ளத்தில் ரிம் வளைந்தால் மட்டும் வியப்படைய வேண்டாம்.

அளவைக் கூட்ட நினைத்தால் கொஞ்சமாகக் கூட்டுவதே நல்லது. ஜிம்னியின் 195/80 ஆர்15 டயருக்குப் பதில் 215/75 ஆர்15 போட்டால், விட்டம் 693-இலிருந்து ஏறத்தாழ 704 மில்லிமீட்டராக, அதாவது ஒன்றரை சதவீதம் மட்டுமே உயர்கிறது. மூன்று சதவீதத்தைத் தாண்டினால் வண்டியின் இழுவை குறைவதும், பிரேக் தளர்ந்தது போலத் தோன்றுவதும், முழுத் திருப்பத்தில் டயர் மட்கார்டை உரசுவதும் தொடங்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்துக்குப் பின் காப்பீடு கோரும்போது இது கேள்வியாக எழலாம் என்பதால், தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளுக்குள் நிற்பதே நிம்மதி.

அளவுக்கு அடுத்ததாக வரும் எண்ணும் எழுத்தும் சுமையையும் வேகத்தையும் குறிப்பவை. 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ வரை தாங்கும். 109 என்றால் 1030 கிலோ. க்யூ என்ற எழுத்து 160 கிலோமீட்டர் வேகத்தையும் எஸ் 180-ஐயும் குறிக்கும். பழைய டயருக்கு இருந்த சுமை எண்ணைவிடக் குறைந்ததை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்கக் கூடாது. தயாரித்த காலத்தைக் காட்டும் நான்கு இலக்கங்களையும் நீங்களே பாருங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

எந்த மண்ணுக்கு எந்த டயர்

எச்டி (ஹைவே டெரெய்ன்) என்பது தார்ச்சாலைக்கான டயர், எம்டி (மட் டெரெய்ன்) சேற்றுக்கானது, ஏடி (ஆல் டெரெய்ன்) இரண்டுக்கும் நடுவானது. நம் ஊர்ச் சூழலில் பத்தில் எட்டு பேருக்கு ஏடி போதும் என்று தயங்காமல் சொல்வேன். எம்டி டயரின் பட்டன்கள் பெரியவை, இடைவெளி அகலமானவை. ஈரமான தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைவதால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். நான்கு வழிச்சாலையில் மணிக்கணக்கில் அதன் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு போகவும் பொறுமை வேண்டும்.

விதிவிலக்கு கரிசல் மண். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் மழை பெய்த மறுநாள் காட்டுப் பாதையில் இறங்கிப் பாருங்கள். ஈரம் குடித்து உப்பிய அந்த மண் இரண்டு சுற்றுக்குள் ஏடி டயரின் பள்ளங்களை அடைத்துவிடும். அதற்குப் பிறகு டயர் மொட்டையாக இருந்தாலும் ஒன்றுதான். எம்டி டயரின் அகன்ற இடைவெளியிலிருந்து, சக்கரம் சுழலும் வேகத்தில் மண் தானாகத் தெறித்து விழும். வருடத்தில் பல மாதம் இத்தகைய நிலத்தில் ஓட்ட வேண்டியவருக்கு எம்டி சரியான செலவு. இதற்கு நேர்மாறானது தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி மணல். அங்கே பட்டன் ஆழமாக இருக்க இருக்க மணலைத் தோண்டும்; காற்றை இறக்கிய சாதாரண டயரே மேல். தேரியின் சில பகுதிகள் காப்புக்காடு என்பதால், முன் அனுமதி இல்லாமல் வண்டியை இறக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பாதை போன்ற கல் பாதைகளில் பட்டனைவிடப் பக்கச் சுவரின் உறுதியே முக்கியம்.

அந்த உறுதிக்காக எல்டி (லைட் டிரக்) என்று அச்சிட்ட கனமான டயர்களை நாடுவோர் உண்டு. அவை கிழிவது குறைவு. ஆனால் எடை கூடுவதால் மைலேஜ் இறங்கும், அதே சுமைக்குக் கூடுதல் காற்றும் கேட்கும். ஜிம்னி போன்ற எடை குறைந்த வண்டியில் அவற்றின் விறைப்பு, காற்றை இறக்கினாலும் எளிதில் தளர்வதில்லை.

காற்றை இறக்குவது

தொடக்க அளவு, ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும் எண். அதை டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். அதிலிருந்து இறக்கி, சரளைப் பாதைக்கு 25 முதல் 28 பிஎஸ்ஐ, சேற்றுக்கும் கல்லுக்கும் 18 முதல் 22, மணலுக்கு 15 முதல் 18 என்று தொடங்கலாம். மணலில் மாட்டிக்கொண்டால் மட்டும் 12 வரை இறக்கலாம். அதற்குக் கீழே போனால், திருப்பத்தில் டயரின் பீடிங் (ரிம்மில் பொருந்தி நிற்கும் உள்விளிம்பு) ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. இறக்கிய காற்றோடு ஓட்டும்போது வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. தார்ச்சாலைக்கு ஏறியவுடன் மீண்டும் நிரப்பிவிட வேண்டும். இறக்கிய காற்று சரியா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: அரைமணி நேரம் ஓட்டியபின் அழுத்தம் 4 பிஎஸ்ஐக்கு மேல் ஏறியிருந்தால், பக்கச் சுவர் அளவுக்கு மீறி மடிந்து சூடாகிறது என்று பொருள், காற்றைக் கூட்டுங்கள் அல்லது வேகத்தைக் குறையுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் அளந்த காற்று ஊட்டியில் எப்படி இருக்கும் என்று சிலர் கேட்பதுண்டு. குளிரால் அழுத்தம் இரண்டு பிஎஸ்ஐ அளவில் குறையும். உயரத்தில் வெளிக்காற்று மெலிவதால் மானியில் ஏறத்தாழ அதே அளவு கூடும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்வதால் மலையேற்றத்துக்காகத் தனியாகத் திருத்த வேண்டியதில்லை.

அழுத்தமானி 0 முதல் 60 பிஎஸ்ஐ வரை அளப்பதாக இருக்கட்டும். 150 வரை காட்டும் மானியில் 15-க்கும் 18-க்கும் உள்ள வேறுபாடு முள்ளின் தடிப்புக்குள் மறைந்துவிடும். காற்று இறக்கும் கருவிகளில் இரண்டு வகை. வால்வின் உள்ஊசியைக் கழற்றி வேகமாக இறக்குவது ஒன்று. மானியும் அதிலேயே இருக்கும், ஆனால் ஒவ்வொரு சக்கரமாகச் செய்ய வேண்டும். முன்கூட்டியே அளவு வைத்து நான்கு வால்விலும் திருகிவிட்டால் தானாக நின்றுவிடுவது மற்றொன்று. இதன் அளவு நாளடைவில் விலகும் என்பதால் மானியால் சரிபார்க்க வேண்டும். முதல் வகையை வாங்குபவர்கள் மாற்று ஊசிகள் நான்கைந்தைக் கையோடு வைத்திருப்பது நல்லது. மணலில் விழுந்த ஊசியைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

கம்ப்ரஸர் வாங்கும் கணக்கு

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் 150 பிஎஸ்ஐ என்ற எண்ணால் நமக்குப் பயன் இல்லை, ஏனெனில் நம் டயருக்கு 35-க்கு மேல் தேவையே இல்லை. பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை. அதையும், எதிர் அழுத்தம் இல்லாதபோது அளந்த எண்ணாக இல்லாமல், 30 பிஎஸ்ஐ அளவில் அளந்த எண்ணாகக் கேளுங்கள். 245/75 ஆர்16 டயரின் உள்கொள்ளளவு ஏறத்தாழ 60 லிட்டர். வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ என்பதால், 18-இலிருந்து 33-க்கு, அதாவது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு ஏற்ற, அதே 60 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். நான்குக்கும் 240 லிட்டர். நிஜமாகவே 30 லிட்டர் தள்ளும் கருவி இதை எட்டு நிமிடத்தில் முடிக்கும். 10 லிட்டர் தள்ளும் மலிவுக் கருவிக்கு 24 நிமிடம் ஆகும், அதற்குள் அது சூடாகி நின்றுவிடவும் கூடும்.

தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓடலாம் என்ற குறிப்பையும் படிக்க வேண்டும். சிகரெட் லைட்டர் துளையின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான். ஆகவே 120 வாட்டுக்கு (15 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 180 வாட்டுக்கு) மேல் இழுக்கும் கருவி எதையும் நேரடியாக பேட்டரியில் கிளிப் மாட்டி, எஞ்சின் ஓடும் நிலையில் பயன்படுத்த வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்கள் மிக வேகமாக நிரப்பும் என்றாலும், 31 டிகிரிக்கு மேல் அந்த வாயு திரவமாக நிற்காது, சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் அதை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக ஸ்டெப்னி. டயர் விலை கேட்கும்போது ஐந்துக்குக் கேளுங்கள். முன்பின் அச்சுகளை இறுக்கிப் பூட்டும் ஃபோர் வீல் டிரைவ் அமைப்பில், ஒரு சக்கரம் மட்டும் விட்டத்தில் மாறுபட்டால் முன்பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் முறுக்கு ஏறும். பழைய அளவிலான ஸ்டெப்னியைத்தான் போட வேண்டியிருந்தால், டூ வீல் டிரைவுக்கு மாற்றி அடுத்த பஞ்சர் கடை வரை மெதுவாகச் செல்லுங்கள்.