எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பெட்டியில் உள்ள பெரிய எண்ணை நம்பாதீர்கள்

போன மாதம் அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, கேம் ஓபன் பண்ணி அஞ்சு நிமிஷத்துல சிஸ்டம் பொட்டுனு ஆஃப் ஆயிடுது. படம் பார்த்தா, பிரவுசிங் பண்ணினா ஒண்ணும் ஆகல." சிஸ்டத்துக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, அதாவது எஸ்எம்பிஎஸ், என்ன என்று கேட்டேன். "450 வாட். கேபினெட்டோடவே வந்தது." பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. இரண்டு மாதம் முன்புதான் அவன் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டிருந்தான்.

மீதி விடைக்காக, எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பெட்டியில் பெரிதாக அச்சடித்த வாட் கணக்கைவிட இந்த ஸ்டிக்கர்தான் உண்மை பேசும். அதில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட், ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்ப் என்று. பார்க்க வேண்டியது 12 வோல்ட் வரியை மட்டும். அவன் அனுப்பிய படத்தில் அங்கே 18 ஆம்ப் என்று இருந்தது. 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். 450 என்ற எண்ணின் மீதியெல்லாம் 3.3, 5 வோல்ட் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தொண்ணூறுகளில் அதுவே போதுமானதாக இருந்தது. அன்றைய பிராசஸர்கள் 5, 3.3 வோல்ட்டில்தான் பசியாறின. 2000-இல் பெண்டியம் 4 வந்தபோது பிராசஸருக்கென்று தனியாக 12 வோல்ட் கனெக்டர் வந்தது. அதிலிருந்து பாரம் முழுக்க 12 வோல்ட் பக்கம் நகர்ந்துவிட்டது. இன்று கிராபிக்ஸ் கார்டு, பிராசஸர் இரண்டும் அதிலிருந்துதான் இழுக்கின்றன. மலிவான எஸ்எம்பிஎஸ் மட்டும் இன்னும் பழைய கணக்கைக் காட்டி ஸ்டிக்கரை நிரப்புகிறது.

இப்போது அவன் சிஸ்டத்தைக் கணக்குப் போடுங்கள். ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட். அவன் பிராசஸர் ரைசன் 5 5600, அதன் பெட்டியில் 65 வாட் என்று இருக்கும். ஆனால் முழு வேகத்தில் 76 வரை இழுக்க அதற்கு அனுமதி உண்டு. இரண்டும் சேர்ந்து 246. கிடைப்பதோ 216. மதர்போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. ஆஃப் ஆகாமல் என்ன செய்யும்?

நல்ல கம்பெனியின் 550 வாட் யூனிட்டில் இதே வரியில் 45 ஆம்ப் போல இருக்கும். அதாவது சொன்ன வாட் முழுவதையும் ஏறக்குறைய 12 வோல்ட்டிலேயே தரும். கடையில் பெட்டியைப் பிரிக்க விட மாட்டார்கள் என்றால் கம்பெனியின் வெப்சைட்டிலேயே இந்தக் கட்டம் இருக்கும். இல்லையென்றால் அந்த மாடலை வாங்காதீர்கள்.

எத்தனை வாட் வேண்டும்? கார்டின் வாட், பிராசஸரின் உச்ச வாட் (பெட்டியில் போட்டது அல்ல, ஐ9 13900கே-வில் 125 என்று போட்டிருக்கும், உச்சம் 253), மற்றவற்றுக்கு ஒரு 60. கூட்டி வருவதை ஒன்றரை மடங்காக்குங்கள். மருமகனுக்கு 306, ஒன்றரை மடங்கு 459. 500 வாங்கலாம், 550 வாங்கினால் நிம்மதி. என்விடியாவும் அந்தக் கார்டுக்கு 550 என்றே சொல்கிறது. இந்த அரை மடங்கு வீண் அல்ல. இன்றைய கார்டுகள் கண் இமைக்கும் நேரத்தில் பல தடவை எகிறி இறங்கும். 320 வாட் என்று சொல்லும் ஆர்டிஎக்ஸ் 3080 மில்லி செகண்ட் கணக்கில் அதைத் தாண்டித் துள்ளும். சராசரியை மட்டும் பார்த்து வாங்கிய எஸ்எம்பிஎஸ் அந்தத் துள்ளலை ஆபத்து என்று நினைத்துத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். இதற்காகவே 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரத்தில், பெரிய கார்டுக்கான புதுக் கனெக்டர் வைத்த யூனிட்டுகள் 100 மைக்ரோ செகண்டுக்குத் தங்கள் அளவைப் போல இரு மடங்கு தாங்க வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு தவறு உண்டு: பயந்துபோய் 1000 வாட் வாங்குவது. கூடவே இன்னொரு பயமும் வரும், கரண்ட் பில் எகிறிவிடுமோ என்று. அது கிடையாது. சிஸ்டம் 300 கேட்டால் 1000 வாட் யூனிட்டும் அந்த 300-ஐத்தான் தரும். ஆனால் அந்தக் காசில் ஒரு எஸ்எஸ்டி வாங்கியிருக்கலாம்.

பெட்டியில் பளபளக்கும் 80 ப்ளஸ் முத்திரையைப் பற்றி. பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு (தங்கம்) என்பது சிக்கனத்துக்கான அளவு. சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வெப்பமாக வீணாகிறது என்று மட்டும் சொல்லும். சிஸ்டம் 300 வாட் எடுக்கும்போது 85 சதவீத யூனிட் சுவரிலிருந்து 353 இழுக்கும், 90 சதவீத யூனிட் 333. வித்தியாசம் 20 வாட். தினம் நாலு மணி நேரம் விளையாடினாலும் ஆண்டுக்கு 29 யூனிட் மின்சாரம்தான். எனவே பில்லைக் குறைக்கக் கோல்டு வாங்குகிறேன் என்பது நொண்டிச் சாக்கு. தரத்துக்கு அது உத்தரவாதமா என்றால், அதுவும் இல்லை. 2021-இல் ஜிகாபைட்டின் 750, 850 வாட் மாடல்கள் இரண்டு, கோல்டு முத்திரையோடு வந்தவை, சோதனைகளில் வெடித்தன. அதிக பாரம் வந்தால் நிறுத்தும் பாதுகாப்பின் எல்லையைக் கம்பெனியே பின்னர் குறைத்து, முதலில் விற்றவற்றை மாற்றித் தர முன்வந்தது. நான் முத்திரையைவிட வாரண்டியைத்தான் பார்ப்பேன். ஐந்து, ஏழு, பத்து ஆண்டு தருகிறவன் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர் என்ன தரத்தில் போட்டிருக்கிறான் என்று தெரிந்துதான் தருகிறான்.

இனி, காசைவிடப் பெரிய நஷ்டம் தரும் தவறு: பழைய கேபிளை அப்படியே வைத்துக்கொள்வது. மாடுலர் யூனிட்டில் கேபிள்களை இரண்டு பக்கமும் கழற்றலாம். நண்பர் ஒருவர் கேபினெட்டின் பின்பக்கம் கேபிள்களையெல்லாம் அழகாக வளைத்து, டேக் போட்டுக் கட்டி வைத்திருந்தார். எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது அதைக் கலைக்க மனசு வரவில்லை. பழைய பெட்டியைக் கழற்றி, புதுப் பெட்டியில் அதே கேபிள்களைச் செருகினார். கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்விட்சைப் போட்டதும் ஒரு தீய்ந்த வாசனை, அவ்வளவுதான். ஹார்டு டிஸ்கின் சர்க்யூட் போர்டில் மிளகு அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி. மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில்தான் இருந்தன.

காரணம் எளிது. கேபிளில் மதர்போர்டு, டிஸ்க், கார்டு பக்கம் செருகும் முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் செருகும் முனைக்குக் கிடையாது. எந்தப் பின்னில் 5, எந்தப் பின்னில் 12 என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு சீரிஸிலேயே மாறலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் டிஸ்க் என்ன செய்யும், பாவம். புது யூனிட்டோடு வந்த கேபிள்களை மட்டும் போடுங்கள். பழையதைப் பழைய பெட்டியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

கேபிள் விஷயத்தில் இன்னும் சில. பிராசஸருக்கான எட்டு பின் முனை நான்கு நான்காகப் பிரியும். கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். இடிக்கிறது என்றால் அழுத்தாதீர்கள். கார்டில் இரண்டு எட்டு பின் கேட்டால் தனித்தனிக் கேபிள் கொடுங்கள். ஒரே கேபிளில் இரண்டு முனை தொங்குகிறதே என்று அதையே இரண்டிலும் செருகாதீர்கள். புதுக் கார்டுகளில் வரும் பதினாறு பின் கனெக்டரைக் கடைசிவரை அழுத்திச் செருகி, இடைவெளி இல்லை என்று கண்ணால் பாருங்கள். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த கையோடு இந்தக் கனெக்டர்கள் உருகிய படங்கள் வந்தன. சரியாக உட்காராததும் ஒரு காரணம். மறுவருடமே அதைத் திருத்தி வெளியிட்டார்கள்.

மருமகன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அவன் கார்டுக்கு எட்டு பின் வந்த வழியும் தெரிந்தது. அவன் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த முனையே கிடையாது. பழைய டிஸ்குகளுக்கான நாலு பின் மோலெக்ஸ் இரண்டைச் சேர்த்து எட்டு பின் ஆக்கும் அடாப்டர் ஒன்றைக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்திருந்தார். கேம் ஓடிய ஐந்து நிமிடத்தில் அதன் மஞ்சள் வயர் விரல் வைக்க முடியாமல் சுட்டது. உங்கள் யூனிட்டில் கார்டுக்கான முனை இல்லை என்றால், அந்தக் கார்டுக்கு அது செய்யப்படவில்லை என்று அர்த்தம். அடாப்டர் அதை மாற்றாது.

ஆபீஸ்களில் கழித்த டெல், எச்பி டவர்களை மலிவாக வாங்கி அதில் கார்டு போடுகிறவர்கள் இப்போது நிறைய. அவற்றில் பலவற்றின் மதர்போர்டில் வழக்கமான 24 பின் இருக்காது, அவர்கள் சொந்த முனை இருக்கும். பெட்டியின் அளவும் வேறாக இருக்கலாம். மூடியைத் திறந்து பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

நம் வீட்டு மின்சாரத்துக்கு வருவோம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பழைய யூனிட், பின்னால் சின்னச் சிவப்பு ஸ்விட்சோடு இருந்தால், அது 115-இல் இருக்கிறதா 230-இல் இருக்கிறதா என்று பாருங்கள். 115-இல் விட்டு நம் பிளக்கில் செருகினால் வெடிச் சத்தத்தோடு முடியும். புது யூனிட்டுகளில் பெரும்பாலும் இந்த ஸ்விட்சே இருக்காது.

அப்புறம், "புது எஸ்எம்பிஎஸ் லீக் ஆகுது, கேபினெட்டைத் தொட்டா சுரீர்ங்குது" என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள். யூனிட்டில் குறை இருக்காது என்றில்லை, ஆனால் முதலில் பிளக்கின் மூன்றாவது துளையைச் சோதியுங்கள். மின் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெபாசிட்டர்கள் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் எர்த்தோடு இணைந்திருக்கும். எர்த் வயர் இல்லாத பழைய வீட்டில் அந்தச் சிறு கசிவுக்குப் போக்கிடம் இல்லாமல் கேபினெட்டிலேயே நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய வேலை அது. யுபிஎஸ்ஸும் அப்படியே: 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும், அதில் மானிட்டரும் சேர்த்தி. சில மலிவு யுபிஎஸ்களின் கரடுமுரடான மின் அலை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒத்துக்கொள்ளாமல், கரண்ட் போன நொடியே சிஸ்டமும் போகும்.

வாங்குவதற்கு முன் ஒன்றை உறுதி செய்யுங்கள், குற்றவாளி எஸ்எம்பிஎஸ்தானா என்று. விண்டோஸின் பிழைப் பதிவில் கெர்னல் பவர் 41 என்று பார்த்தவுடன் பலர் எஸ்எம்பிஎஸ் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். திடீரென்று சிஸ்டம் அணைந்தது என்பதைத் தவிர அது எதையும் சொல்லவில்லை. பிராசஸர் கொதித்தாலும் அணையும், ஸ்பைக் பாக்ஸில் பிளக் ஆடினாலும் அணையும். எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக ஓட வைக்க அதன் மதர்போர்டு முனையில் பேப்பர் கிளிப்பைச் செருகி, ஃபேன் சுற்றுகிறது, எனவே யூனிட் நல்லது என்பதும் தப்புக் கணக்கு. ஃபேனுக்கு எத்தனை வாட் வேண்டும்? உள்ளே திறந்து பார்க்கலாம் என்று மட்டும் போகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

மருமகன் 550 வாட்டில் ஒன்று வாங்கினான். இப்போது இரவு ஒரு மணிவரை ஓடுகிறது என்று அக்காதான் என்னைத் திட்டுகிறாள். நேற்று அவன் கேட்டான்: "மாமா, பழைய எஸ்எம்பிஎஸ்ஸ ஒரு ஃப்ரெண்ட் கேக்கறான், குடுக்கட்டுமா?"

"அவன்கிட்ட என்ன கார்டு?"

"கார்டெல்லாம் இல்ல. டேலி வேலைக்கு."

"அப்ப குடு. அந்த அடாப்டரை மட்டும் குடுத்துடாத."