சோக் போட்டால்தான் ஓடிய டிரையல்ஸ் பைக்

டிரையல்ஸ் (கால் ஊன்றாமல் பாறை, மேடுபள்ளங்களை மெதுவாகக் கடக்கும் பைக் விளையாட்டு) பழக நான் வாங்கிய முதல் பைக் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக். சில மாதம் சும்மா நிறுத்திவிட்டு எடுத்தபோது, சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும் விசை) போட்டால்தான் ஓடியது. சோக்கை எடுத்ததும் அணைந்துவிடும். பாறைமேல் ஏற ஆக்சிலேட்டரை லேசாகத் திருப்பும் அந்த நொடியில் இன்ஜின் திக்கும். முழுசாக முறுக்கினால் மட்டும் நன்றாக இழுக்கும்.

பிளக்கை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. அப்புறம்தான் பிடிபட்டது: ஆக்சிலேட்டர் குறைவாக இருக்கும்போது பெட்ரோல் கார்புரேட்டரில் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள பைலட் ஜெட் என்ற நுண்துளை வழியாகத்தான் போகும். டிரையல்ஸில் பெரும்பாலும் நாம் அந்த நிலையில்தானே ஓட்டுகிறோம்!

பெட்ரோலை அடைத்துவிட்டு கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே பழைய பெட்ரோல் காய்ந்து பிசுபிசுவென்று ஒரு படலம். அந்தச் சின்ன பித்தளை பைலட் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் துளையே தெரியவில்லை. கம்பி விட்டுக் குத்திவிடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தேன். மூன்றாம் முறை ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

மாட்டியதும் இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆகி, சோக் இல்லாமலே சீராக நின்று ஓடியது. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் கழுவி எண்ணெய் தடவினேன். இப்போதெல்லாம் நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிடுகிறேன்.