துள்ளித் திரியும் பூனைக்குட்டியைப் பழக்கும் முறை

பூனைகள் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்படையும் பிராணிகள் என்பதால், தேயிலைக் கொழுந்து பறிக்கப் புறப்படும் அவசரத்தில் குட்டி உங்கள் காலைச் சுற்றிச் சுற்றிக் கடிப்பது குறும்பல்ல, வேட்டைப் பழக்கம். இரவு உணவுக்கு முன் 10 முதல் 15 நிமிடங்கள், குச்சி நுனியில் கட்டிய துணித்துண்டைத் தரையோடு இழுத்து, அது பதுங்கிப் பின்பக்கத்தை ஆட்டிப் பாய்ந்து பிடிக்கும்வரை விளையாட்டுக் காட்டி, முடிவில் உணவு வையுங்கள். உண்டபின் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு அது உறங்கிவிடும். வெறுங்கையால் விளையாட வேண்டாம். கடித்தால் கையை அசைக்காமல் வைத்து ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். அடிப்பது பயத்தையே வளர்க்கும்.

கதவு நிலையைக் கீறும் குட்டிக்கு, பழைய படங்குச் சாக்கை ஒரு கட்டையில் இறுகச் சுற்றி, அது உறங்கும் இடத்தருகே ஆடாமல் நிறுத்துங்கள்.

நுவரெலியாக் குளிருக்குக் கம்பளி பின்னும் வீடுகளுக்கு ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: நூலுருண்டையைக் குட்டிக்கு எட்டும்படி வைக்காதீர்கள். பூனையின் நாக்கிலுள்ள முட்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால், சிக்கிய நூலைத் துப்ப முடியாமல் அது விழுங்கிவிடும். அந்த நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடக்கூடும். ஆசனவாயில் நூல் தொங்கக் கண்டால், இழுக்காமல் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.