மும்மொழிச் செய்திமடலுக்குச் செலவில்லாத பக்க வடிவமைப்பு மென்பொருள்

மொரீசியஸில் ஒரு தமிழ்ச் சங்கமோ கோவில் சபையோ தைப்பூசக் காவடியை ஒட்டி வெளியிடும் செய்திமடலில் பிரெஞ்சுக் கட்டுரையும் ஆங்கில அறிவிப்பும் தமிழ்ப் பகுதியும் அடுத்தடுத்து வருமாயின், மென்பொருளின் விலையை விசாரிக்கும் முன்பே அது தமிழைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ‘கொடியேற்றம்’, ‘பௌர்ணமி’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றை யூனிகோடில் தட்டச்சுச் செய்து, பிடிஎஃப் ஆக்கி, கைப்பேசியில் திறந்து பாருங்கள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், அந்த மென்பொருள் இலவசமானாலும் வேண்டாம்.

இந்தச் சோதனைக்கு முதலில் உட்படுத்தத் தக்கது ஸ்கிரைபஸ். அது முற்றிலும் இலவசம். அச்சகங்கள் கேட்கும் சிஎம்ஒய்கே (நான்கு மைகளைக் கலந்து அச்சிடும்) வண்ணமுறையிலும் பிடிஎஃப் தரும். ஆனால் பழைய 1.4 பதிப்பில் தமிழ் சிதைந்துபோகும் என்பதால், 2024இல் வெளிவந்த 1.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பையே நிறுவ வேண்டும். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழையது திறக்காது என்பதால், பணியாற்றும் தொண்டர்கள் அனைவரிடமும் ஒரே பதிப்பு இருப்பது நல்லது. அஃபினிட்டி 2025 அக்டோபரிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. எனினும் இந்திய எழுத்துகளை அது நெடுங்காலம் கையாளவில்லையாதலால், சோதனையில் தேறினாலொழிய தமிழ்ப் பக்கத்தை அதில் தொடங்க வேண்டாம். அடோபியின் இன்டிசைன் திறன் மிக்கதுதான். ஆனால் மாதச் சந்தாவை நிறுத்திய நாளிலிருந்து சங்கத்தின் பழைய இதழ்களை அதில் திறக்க இயலாது என்பது, நன்கொடையை நம்பி நடக்கும் அமைப்புக்குச் சிறிய குறையன்று. பப்ளிஷருக்கான ஆதரவு 2026 அக்டோபருடன் முடியும் என மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டதால், புதிய மடலை அதில் தொடங்க வேண்டாம். நான்கு பக்கத்துக்குள் முடியும் எளிய மடலுக்கு லிப்ரெஓபிஸ் ரைட்டர் என்னும் இலவசச் சொற்செயலியே போதும்.

பிரெஞ்சில் வினாக்குறிக்கும் முக்காற்புள்ளிக்கும் முன் இடைவெளி விடுவது மரபு. அது சொல்லையும் குறியையும் ஒரே வரியில் பிணைத்து வைக்கும் பிரியா இடைவெளியாக இல்லாவிட்டால் குறி மட்டும் அடுத்த வரியில் தனித்து விழும். தமிழ் எழுத்துருவில் பிரெஞ்சு உயிரெழுத்துகளின் மேற்குறிகள் இல்லாமலும் இருக்கலாம்; ஆகவே ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பத்தி நடையை (எழுத்துரு, அளவு முதலிய அமைப்புகளின் தொகுப்பை) அமைத்து, தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச யூனிகோடு எழுத்துருவைக் கொடுங்கள்.

நடு மடிப்பில் கம்பிப் பின் அடிக்கும் மடலானால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். இதழ் முடிந்ததும், படங்களையும் எழுத்துருக்களையும் ஒரே கோப்புறையில் திரட்டித் தரும் ஸ்கிரைபஸின் வசதியைப் பயன்படுத்தி, அந்தக் கோப்புறையின் ஒரு படியைச் செயலாளரிடம் ஒப்படையுங்கள்.