பலாச்சுளை எடுத்த கையோடு சுகர் பார்க்காதீர்கள்

பலாப்பழத்தை அறுத்து வீட்டில் எல்லோருக்கும் சுளை எடுத்துக் கொடுக்கிறார் ஒருவர். தான் ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து விரலைக் குத்துகிறார். மெஷின் 260 காட்டுகிறது. "நான் தொடவே இல்லையே!" என்று பதறி மாத்திரையைக் கூட்டிக்கொள்கிறார். தொட்டதுதான் வினை. வீட்டில் சுகர் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

ரத்தத்துளியை ஏந்தும் பட்டையான ஸ்ட்ரிப்பில் ஒரு நொதி (என்சைம்) பூசியிருக்கிறார்கள், பலவற்றில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ். அது குளுக்கோஸோடு வினைபுரியும்போது எழும் மெல்லிய மின்னோட்டத்தைத்தான் மெஷின் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. 1962இல் அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் முன்வைத்த நொதி மின்முனையின் வாரிசு இது. குளுக்கோஸ் ரத்தத்திலிருந்து வந்ததா, தோலில் ஒட்டியிருந்ததா என்பது அந்த நொதிக்குத் தெரியாது.

பல ஸ்ட்ரிப்கள் உறிஞ்சுவது அரை மைக்ரோலிட்டர் அளவு ரத்தம்தான். சுகர் 100 என்றால் அந்தத் துளியில் இருப்பது அரை மைக்ரோகிராம் குளுக்கோஸ். ஒரு கிராமை இருபது லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. விரலிலிருந்து இன்னொரு பங்கு கலந்தால் 100 என்பது 200 ஆகிவிடும். (வெள்ளைச் சர்க்கரையை இந்த நொதி கண்டுகொள்ளாது, அது சுக்ரோஸ். பழமும் தேனும்தான் ஆபத்து.)

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். போதாது. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆரஞ்சு, திராட்சை, கிவி உரித்த விரல்களில் சோதித்தார்கள். ஸ்பிரிட்டால் துடைத்த பிறகும் அளவு ஏறியே நின்றது. குழாய்த் தண்ணீரில் கழுவியதும் சரியானது. கழுவிய கையை நன்றாக உலர்த்தவும் வேண்டும், ஈரம் துளியை நீர்க்கச் செய்யும்.

ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிவதும் அப்படித்தான். தோலடியில் செல்களுக்கு இடையே இருக்கும் திசுநீர் சேர்ந்து கணக்கு கெடும். கையைத் தொங்கப்போட்டு, வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினால் தானாக வரும், வலியும் குறைவு.

ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைப்பது, அடுப்பு மேடையில் வைப்பது, "ஃப்ரிட்ஜில் இருந்தால் கெடாது" என்று அங்கே வைப்பது எல்லாமே நொதிக்குப் பகை. டப்பா மூடியிலோ உள்சுவரிலோ ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கும். எல்லா ஸ்ட்ரிப்பையும் வேறு டப்பியில் கொட்டிவைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அதிகம் பேசப்படாதது ரத்தசோகை. சிவப்பணுக்கள் குறைவாக இருந்தால் பல மெஷின்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். நிஜமாகவே சுகர் இறங்கியிருக்கும்போது திரையில் நல்ல எண் தெரிவது உயிருக்கே ஆபத்து. வியர்த்து, கை நடுங்கி, கண் மங்கினால் மெஷினை நம்பிக் காத்திருக்காமல் குளுக்கோஸ் கரைத்துக் குடியுங்கள், பிறகு மருத்துவரிடம் பேசலாம். ஐக்கோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து வகைப் பொருள் கலந்த திரவத்தில் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் சிலவகை ஸ்ட்ரிப்கள் பொய்யாகக் கூட்டிக் காட்டும். இதனால் நேர்ந்த மரணங்களைச் சுட்டி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009இல் எச்சரித்தது. எந்த ஸ்ட்ரிப் ஒத்துவரும் என்று டயாலிசிஸ் மருத்துவரிடமே கேளுங்கள்.

குத்தும் பேனாவை வீட்டுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஊசியை மாற்றினாலும் ஹெபடைட்டிஸ் பி பரவ வழி இருக்கிறது.

கடைசியாக, லேப் ரிப்போர்ட்டோடு சண்டை. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 2013ஆம் ஆண்டு விதிப்படி, 100க்கு மேல் 15 சதவீதம் வரை வித்தியாசம் இருந்தாலும் அது நல்ல மெஷின்தான். லேப் 160, மெஷின் 178 என்றால் பழுது இல்லை. சாப்பிட்டபின் விரல் ரத்தத்தில், லேபில் கையின் ரத்தக்குழாயிலிருந்து (சிரை) எடுக்கும் ரத்தத்தைவிடச் சுகர் கூடுதலாகவே இருக்கும். ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் வெறும் வயிற்றில் மெஷினோடு லேபுக்குப் போய், அவர்கள் ரத்தம் எடுக்கும் அதே நேரத்தில் கழுவிய விரலில் குத்திப் பாருங்கள்.