சுள்ளியில் ஒட்டியிருக்கும் பாசி எது?

கொடைக்கானல், ஊட்டிப் பக்கச் சோலைக்காடுகளில் கீழே விழுந்த சுள்ளிகளில் பச்சையாகப் பாசி அப்பியிருக்கும். எடுத்ததும் தண்ணீர் தெளித்துவிடாதீர்கள், காய்ந்த இலை எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் துப்பு. மேக்ரோமிட்ரியம் வகை மாஸ் (moss, பாசிச்செடி) என்றால் இலைகள் பெரும்பாலும் முறுக்கிச் சுருண்டு கிடக்கும், ரெண்டு சொட்டு நீர் விட்டால் கண்ணெதிரிலேயே விரியும் (இதைப் பார்க்கவே நான் பாட்டிலோடு போவேன்). அப்புறம் 10 மடங்கு லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, சுள்ளியை அருகே கொண்டுவாருங்கள். இலை நடுவே ஒரு நரம்பு ஓடும், காம்பு நுனியில் வித்துப்பை, இளசாக இருந்தால் அதன்மேல் கூம்புத் தொப்பி. நரம்பைக் காணோம், நிறம் செம்பழுப்பு, இலைக்கு அடியில் குட்டிக் குட்டிப் பைகள் என்றால் அது மாஸே இல்லை, ஃப்ருலேனியா என்கிற லிவர்வோர்ட் (மாஸுக்கு உறவான இன்னொரு குட்டிச் செடி வகை).