ஒரே செய்தி, பல வடிவங்கள்: ஆங்கிலத்தில் எழுதப் பழகும் மலையக மாணவருக்கு

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்காக ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகளுள் பலர், 'எனது பாடசாலை', 'சுற்றாடல் மாசடைதல்' போன்ற தலைப்புகளில் யாரோ எழுதிக் கொடுத்த கட்டுரைகளை மனனம் செய்வதிலேயே காலத்தைச் செலவிடுகின்றனர். வினாத்தாள் கேட்பதோ வேறு. சுமார் 40 முதல் 50 சொற்களில் ஓர் அறிவித்தல், சுமார் 100 சொற்களில் ஒரு கடிதம் அல்லது வரைபட விளக்கம், சுமார் 200 சொற்களில் ஒரு கட்டுரை, பேச்சு அல்லது கதை என்று வகை வகையாக அது கேட்கிறது. மனனம் செய்த தலைப்பு வராத நாளில் பேனா நகராது. ஆகவே தலைப்புகளைச் சேர்ப்பதை விட்டுவிட்டு, ஒரே நிகழ்வை எடுத்துக்கொண்டு அதை வெவ்வேறு வடிவங்களில் எழுதிப் பழகுவதே பயன் தரும் என்பது என் கருத்து.

நமக்குத் தெரிந்த நிகழ்வொன்றை எடுத்துக்கொள்வோம். தென்மேல் பருவமழையில் மண்மேடு சரிந்து, லயன் வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் உடைந்துவிட்டது. இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குமுன் தமிழிலேயே இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள்: இதை வாசிக்கப் போகிறவர் யார்? வாசித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்?

வாசிப்பவர்கள் லயன் மக்கள் என்றால் உங்களுக்குத் தேவை அறிவித்தல். 'நோட்டிஸ்' என்ற தலைப்பு, எந்த நாளில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை தண்ணீர் வராது, மாற்று ஏற்பாடு எங்கே, அறிவிப்பவர் யார், அவரது பதவி என்ன என்பவை இருந்தால் போதும். மழை எவ்வளவு பலமாகப் பெய்தது என்பதற்கு இங்கே இடமில்லை. நின்று வாசிக்க நேரமில்லாதவர்களுக்காக எழுதப்படுவது என்பதால், நாளும் நேரமும் முதற் பார்வையிலேயே கண்ணில் பட வேண்டும்.

வாசிப்பவர் தோட்ட முகாமையாளர் என்றால் கடிதம் எழுத வேண்டும். நம் மாணவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். நலம் விசாரித்து, நிலைமையை விளக்கி, பட்ட கஷ்டத்தைச் சொல்லி, கடைசியில் தயக்கத்தோடு கோரிக்கையை வைப்பது நமக்குப் பழகிய முறை. நேரிற் பேசும்போது அதுவே பண்பு. ஆங்கில அலுவலகக் கடிதத்திலோ கோரிக்கை முதற் பந்தியிலேயே வந்துவிட வேண்டும். 'ஐ ஆம் ரைட்டிங் டு ரிக்வெஸ்ட் யூ டு ரிப்பெயர் த வோட்டர் பைப்' என்று தொடங்கி, குழாய் இருக்கும் இடத்தை அதே வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள். இரண்டாம் பந்தியில் எப்போது உடைந்தது, எத்தனை குடும்பங்களுக்குத் தண்ணீர் இல்லை என்ற விபரங்கள். மூன்றாம் பந்தியில் எதற்குள் திருத்தித் தர வேண்டும் என்ற வேண்டுகோள். 'யூ மஸ்ட்' என்று எழுதினால் கட்டளையாகிவிடும். 'வீ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்' என்று எழுதினால் பணிவும் உண்டு, உறுதியும் குறையாது. உங்கள் முகவரியும் திகதியும் மேலே, பெறுபவரின் பதவியும் முகவரியும் அதன் கீழே இடப்பக்கத்தில் வர வேண்டும். 'டியர் சேர்' அல்லது 'டியர் மேடம்' என்று தொடங்கிய கடிதத்தை 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்றும், பெயர் குறிப்பிட்டுத் தொடங்கியதை 'யுவர்ஸ் சின்சியர்லி' என்றும் முடிப்பது மரபு.

அதே குழாயைப் பற்றிப் பாடசாலைச் சங்கத்துக்கு அறிக்கை எழுதினால், நடந்ததை இறந்தகாலத்தில், நடந்த வரிசையில், உணர்ச்சிச் சொற்கள் இல்லாமல் சொல்லி, பரிந்துரையைக் கடைசியில் வையுங்கள். கதையாக எழுதினால் இவையெல்லாம் தலைகீழாகும்: வெறுங்குடத்தோடு திரும்பிய பாட்டியின் ஒரு சொல்லிலிருந்தே தொடங்கலாம், காரணத்தைப் பின்னர் சொல்லலாம். அறிவித்தலில் நாம் வெட்டி எறிந்த மழையும் சேறும் கதைக்குள் திரும்ப வரலாம்.

ஒரு வேலை எப்படி நடைபெறுகிறது என்று விளக்கும் எழுத்துக்கு மலையகத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை. பறித்த கொழுந்து தொழிற்சாலையில் வாட்டப்படுகிறது, உருட்டப்படுகிறது, காற்றில் ஒட்சியேற விடப்படுகிறது, உலர்த்தப்படுகிறது, பின்னர் தரம் பிரிக்கப்படுகிறது. இங்கே யார் செய்தார் என்பதை விட எது செய்யப்படுகிறது என்பதே முக்கியம் என்பதால், 'த லீவ்ஸ் ஆர் விதர்ட்', 'த லீவ்ஸ் ஆர் ரோல்ட்' என்று நிகழ்காலச் செயப்பாட்டு வினையில் எழுத வேண்டும். 'ஃபேர்ஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'ஆஃப்டர் தட்', 'ஃபைனலி' ஆகிய சொற்கள் படிகளை இணைக்கும். வரைபடத்தை விளக்கும்போது ஒவ்வொரு தூணையும் எண்ணிச் சொல்லாமல், மிக உயர்ந்தது, மிகத் தாழ்ந்தது, குறிப்பிடத்தக்க மாற்றம் ஆகிய மூன்றையும் முதலில் எழுதிவிடுங்கள்.

மாதிரிகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். மும்மொழியில் அச்சிட்ட அரசாங்கப் படிவங்கள், உரப்பையிலும் பால்மாப் பொதியிலும் உள்ள பாவனை முறை, ஆங்கிலப் பத்திரிகைகளின் வேலைவாய்ப்பு விளம்பரங்கள், ஆசிரியருக்கு எழுதப்படும் வாசகர் கடிதங்கள், மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கைகள் ஆகியவற்றை ஓர் அப்பியாசக் கொப்பியில் வகைவாரியாக ஒட்டி வையுங்கள். எச்சரிக்கையின் முதல் வரியில் என்ன இருக்கிறது, விளம்பரத்தில் எவை விடப்பட்டுள்ளன என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டால், இலக்கணப் புத்தகம் சொல்லாத பல விடயங்கள் தெரியவரும்.

எழுதி முடித்தவுடன் எழுத்துப்பிழை தேட உட்காராதீர்கள். நிகழ்வைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம், வீட்டில் அக்காவோ பக்கத்து லயனில் உயர்தரம் படிக்கும் அண்ணனோ யாராயினும், அதைக் கொடுத்து, "இதைப் பெறுகிறவர் இனி என்ன செய்ய வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் தவறாகச் சொன்னால் முதற் பந்தியைத் திருத்தி எழுதிவிட்டு, அதன் பிறகே வினைச்சொல்லின் காலம், ஒருமையோடு சேரும் 'எஸ்', விடுபட்ட 'ஏ' மற்றும் 'த' ஆகியவற்றை வரிவரியாகச் சரிபாருங்கள்.